சுத்தமான மண்ணில் செத்த செடிகள்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகும் சாலையில், ஒரு பெரிய வளைவு தாண்டியதும் இடது பக்கம் மண்பாதை ஒன்று இறங்கும். அதன் முடிவில் இருக்கும் நாற்றங்காலுக்கு ஆறு வருஷமாக நான்தான் பொறுப்பாளர். அதற்கு முன் பழனிக்காரி. அடிவாரத்தில் அப்பாவுக்கு மாலைக் கடை. தாவரவியல் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்து சம்பங்கி தொடுத்துக்கொண்டிருந்த நாளில் இந்த வேலைக்கான விளம்பரம் கண்ணில் பட்டது. சோலைக் காட்டை மீட்கும் திட்டம் என்று போட்டிருந்தது. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இந்த மலைகளின் மேல்பகுதியில் ஒரு காலத்தில் திறந்த சரிவெல்லாம் புல்லாக இருந்தது. ஓடை இறங்கும் மடிப்புகளில் மட்டும் குட்டையான, நெருக்கமான, எப்போதும் ஈரம் சொட்டுகிற காடு. அதுதான் சோலை. பிறகு தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வெளிநாட்டு வாட்டில் மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். அது புல்லையும் தின்று சோலை ஓரங்களையும் தின்றது. எங்கள் திட்டம், ஓடையை ஒட்டிய ஒரு சரிவில் அந்த வாட்டிலை அகற்றிவிட்டுப் பழைய சோலை மரங்களை நடுவது. செய்யவேண்டிய காரியம்தான். செய்த விதத்தைப் பற்றித்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

திட்ட இயக்குநர் சமவெளிக்காரர். மாதம் ஒருமுறை காரில் வந்து இரண்டு மணி நேரம் இருப்பார். அவருக்குச் சுத்தம் என்பது ஒரு நோய் அளவுக்கு இருந்தது. பாலசமுத்திரத்திலிருந்து தென்னைநார்க் கழிவு லாரியில் வரும். அதோடு ஆற்று மணல் சேர்த்து, இரும்பு டிரம்மில் போட்டு, அடியில் விறகு எரித்து ஆவியில் வேகவைக்க வேண்டும். ஆறிய பிறகுதான் பையில் நிரப்ப வேண்டும். நிரப்பிய பைகளுக்கு வாரம் ஒருமுறை பூஞ்சைக்கொல்லி ஊற்ற வேண்டும். 'மண்ணுல இருக்கற எல்லாமே கன்னுக்கு எதிரி, மேடம். அத மனசுல வச்சிக்கோங்க' என்பார்.

நான் மனசில் வைத்துக்கொண்டேன். கல்லூரியில் தாவர நோய்கள் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். நாற்றழுகல் என்றால் என்ன, எந்தப் பூஞ்சையால் வரும் என்று மனப்பாடமாகச் சொல்வேன். அதே புத்தகத்தில், வேரோடு கூடி வாழ்ந்து மரத்துக்குத் தண்ணீரும் மணிச்சத்தும் கொண்டுவந்து கொடுக்கும் பூஞ்சைகளைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. பரீட்சையில் அதையும் எழுதியிருக்கிறேன். எழுதி முடித்ததோடு மறந்துவிட்டேன். வாரந்தோறும் அந்த மருந்தைக் கலக்கி ஊற்றியது என் கைதான். வேறு யாரையும் ஊற்றவிடவில்லை, அளவு தவறிவிடும் என்று.

நாற்றங்காலில் எட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். ஏழு பேர் மன்னவனூர்ப் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் போடும் குடும்பங்கள். எட்டாவது பெண் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவள். அவள் அப்பாவும் அம்மாவும் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அனுப்பப்பட்டவர்கள். அவள் பிறந்தது இங்கேதான். ஆனாலும் பேச்சில் தோட்டத்து வாடை போகவில்லை. 'முடியாது' என்று சொல்லமாட்டாள், 'ஏலாது' என்பாள். இயக்குநரை அவர் இல்லாதபோது 'தொரை' என்பாள். காலையில் வேலை பிரித்துக்கொடுக்க நான் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னால், தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவதைச் சொல்லும் சொல்லில், 'பெரட்டு ஆரம்பிச்சிட்டாங்கடி' என்று சிரிப்பாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. முதலில் அவளை எனக்குப் பிடிக்கவில்லை. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள்.

முதல் வருஷம் புரட்டாசியில் நடவு. அதற்கு முன்னால் சரிவை மொட்டையடித்தார்கள். அப்படித்தான் சொல்லவேண்டும். வாட்டிலை அறுத்து, கட்டைகளை இயந்திரத்தால் பிடுங்கி, கீழே இருந்த பெரணி, முட்புதர், காட்டுச் செடி அத்தனையையும் வழித்துக் குவித்து எரித்தார்கள். சிவந்த வெறும் மண், கிரிக்கெட் மைதானம் மாதிரி. இயக்குநர் இடுப்பில் கை வைத்துப் பார்த்து, 'இப்பதான் பார்க்க நீட்டா இருக்கு' என்றார். அதன் பிறகு விருந்தாளிகள் வந்தார்கள், தொப்பி போட்டுக்கொண்டார்கள், ஆளுக்கொரு கன்று நட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். காட்டுச் செண்பகம், நாவல், இன்னும் நாலைந்து சோலை மரங்கள். எங்கள் பைகளில் பச்சைப் பசேலென்று, இலையில் ஒரு புள்ளி இல்லாமல் வளர்ந்தவை. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழை வரை பிழைத்தன. மார்கழியில் உறைபனி இறங்கியது. தடுக்க ஒரு புதர்கூட இல்லாத சரிவில் காலையில் வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறியதும் இலைகள் கறுத்துச் சுருண்டன. தையில் காற்று. பெண்கள் விடிந்ததும் ஓடையில் குடம் குடமாக மொண்டு சரிவில் ஏறினார்கள். நானும் ஏறினேன். நாலு குடம் சுமந்ததற்கே எனக்கு மூச்சு முட்டியது. அவர்கள் நாள் முழுக்கச் சுமந்தார்கள். ஊற்றிய தண்ணீர் சரிவில் ஓடியது. மாசி பிறக்கும்போது கிட்டத்தட்ட எல்லாம் குச்சியாக நின்றன.

இயக்குநர் வந்தார். பெண்களைச் சரிவின் அடியில் நிற்க வைத்துக் கேட்டார்.

'தண்ணி ஊத்துனீங்களா, இல்லையா?'

'ஊத்துனோம் சார்' என்றார் மன்னவனூர் அம்மா. எட்டுப் பேரில் மூத்தவர் அவர். 'தெனமும் வெள்ளனே வந்து ஏறிருவோம். வீட்டுச் சோலியக்கூடப் பாக்கல.'

'ஊத்தியிருந்தா ஏன் சாகுது?'

'அது எங்களுக்கு எப்படிங்க தெரியும்? இந்தா பாருங்க, கொடம் வச்ச எடம் கன்னிப்போய்க் கெடக்கு.' அவர் முந்தானையை விலக்கி இடுப்பைக் காட்டினார். ஒரு அந்நிய ஆணிடம் இடுப்பைக் காட்டித் தன் வேலையை நிரூபிக்க வேண்டியிருந்தது அந்த அம்மாவுக்கு. இயக்குநர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஆண்டு அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் மாற்றி அனுப்பச் சொன்னார்கள். அதில் ஒரு வரி. நான் அதைத் தமிழில் இப்படித் தட்டச்சு செய்தேன்: 'களப் பராமரிப்புப் பணியாளர்களின் கவனக்குறைவால் கன்றுகளின் இறப்பு மிகுந்தது.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். பிழை இல்லை. அனுப்பினேன். அந்த வரி பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் 'க்' விட்டுப்போகவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சாகி வந்த அறிக்கையில் ஒரு பிரதியை ஷெட்டில் ஆணியில் மாட்டச் சொல்லியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த எட்டாவது பெண் அதை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். அந்த வரியில் நின்றாள்.

'இத யாரு எழுதினது?' என்று என்னைக் கேட்டாள்.

'மேலிடத்துல.'

'தமிழ்ல எழுதினது?'

அவள் அறிக்கையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். 'சாப்பிட்டுட்டு என்கூட வாங்க. ஒண்ணு காட்டணும்' என்றாள்.

சரிவின் கீழ் ஓரத்தில், ஓடையை ஒட்டி, ஒரு சின்னத் துண்டு வாட்டில் காடு வெட்டப்படாமல் நின்றது. அறுவை இயந்திரம் பழுதாகி, ஆட்கள் திரும்பி வராததால் தப்பித்த இடம். நடவு நாளில், கோணலாக வளர்ந்த கன்றுகளை விருந்தாளிகள் கண்ணில் படாமல் குப்பையில் போடச் சொல்லியிருந்தார்கள். அவள் குப்பையில் போடவில்லை. அந்த வாட்டில் நிழலில், பெரணிகளுக்கு நடுவே குத்திவிட்டுப் போயிருக்கிறாள். ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை. அத்தனை கோணல் கன்றும் உயிரோடு நின்றது. செண்பகத்தில் புதுத் துளிர்.

'ஒரே நர்சரி, ஒரே பை, ஒரே நாள் நட்டது' என்றாள். 'இதுங்களுக்கு ஏன் எங்க கவனக்குறைவு தாக்கல?'

ஒரு கன்றைச் சுற்றிக் கையால் தோண்டிப் பார்த்தேன். பையின் வடிவத்தை உடைத்துக்கொண்டு வேர் வெளியே போயிருந்தது. மெல்லிய கிளைவேர்களில் மண், உதறினாலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு சரிவுக்கு ஏறி ஒரு குச்சியைப் பிடுங்கினேன். ஐந்து மாதம் ஆகியும் பை எப்படி இருந்ததோ அதே உருளை வடிவில் நார்க்கழிவு வந்தது. வேர் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து செத்திருந்தது. வெளியே ஒரு விரற்கடைகூட அது போகவில்லை.

வாட்டிலை அந்நிய மரம், எதிரி என்றே பேசிப் பழகியிருந்தோம். அது எதிரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மரம் பனியைத் தடுத்தது, வேரால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்த்தது, வெயிலை வடிகட்டியது. அதன் அடியில் மண் உயிரோடு இருந்தது. நாங்கள் சரிவில் இருந்த உயிரை எரித்தோம், பையில் இருந்த உயிரை வேகவைத்தோம், மிச்சம் பிழைத்து வந்ததை மருந்து ஊற்றிக் கொன்றோம். பாலுக்கு அழுகிற பிள்ளையைத் துடைத்த தரையில் வைத்துவிட்டுப் போனது மாதிரி அந்தக் கன்றுகளை வைத்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு தண்ணீர் சுமந்தவர்களைக் குற்றம் சொன்னோம்.

அந்த மாசியிலேயே நானும் அவளும் சேர்ந்து ஒரு சோதனை தொடங்கினோம். ஷெட்டுக்குப் பின்புறம், கார் நிற்கும் இடத்திலிருந்து தெரியாத ஒரு மூலை. நாலு இலை விட்ட செண்பக நாற்றுகளை ஐந்து வகை மண்ணில் வைத்தோம். ஒன்று எங்கள் வேகவைத்த கலவை. மற்ற நாலிலும் அதே கலவையோடு ஒரு பிடி வெளி மண்: வாட்டில் அடி மண், ஓடைச் சோலையின் நாவல் மரத்தடி மண், செண்பக மரத்தடி மண், மன்னவனூர் அம்மாவின் பூண்டு வயல் மண். எந்தப் பைக்கும் மருந்து ஊற்றவில்லை. சோலையில் அவள் மண் எடுத்த விதத்தைப் பார்த்திருக்கிறேன். இலைச் சருகை ஒதுக்கி, ஒரு மரத்தடியில் ஒரே ஒரு பிடி எடுத்து, சருகை மறுபடியும் மூடிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள். பைகளுக்கு நான் பெயர் எழுதி ஒட்டினேன். என் கையெழுத்தில்.

வைகாசி வாக்கில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. வேகவைத்த கலவையில், வழக்கமாகப் போடும் உரத்தை இந்தமுறை போடாததால், நாற்றுகள் வெளுத்தன. பூண்டு வயல் மண்ணிலும் அப்படியேதான். அந்த அம்மா பார்த்துவிட்டு, 'நாங்க அடிக்கிற மருந்துல மண்ணுல என்னத்த மிஞ்சும்?' என்று சொல்லிவிட்டுப் போனார். வாட்டில் மண்ணில் நன்றாக வந்தன. நாவல் மண்ணில் அதைவிட நன்றாக. ஆனால் செண்பக மரத்தடி மண்ணில் வைத்த செண்பக நாற்றுகள் பாதிக்கு மேல் தண்டடியில் அழுகிச் சாய்ந்தன. நான் அதற்குத்தான் முதல் இடம் என்று நினைத்திருந்தேன்.

'சொந்த மரத்தடியாச்சே' என்றேன்.

'அதனாலதான்' என்றாள் அவள். 'பெரிய மரத்துக்கு வர்ற சீக்கு பூரா அதோட காலடியிலதானே குடியிருக்கும்? பெரிசு தாங்கும். குட்டி எப்படித் தாங்கும்? காட்டுல பாருங்க, செண்பகத்துக்கு அடியில செண்பகக் கன்னு நிறைய முளைக்கும். நிக்கிறது தள்ளி, நாவலுக்குப் பக்கத்துல.'

மறுநாள் சோலைக்குப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னதுதான். வந்த நாளிலிருந்து அதே வழியில்தான் நடக்கிறேன். ஒரு நாளும் கண்ணில் படவில்லை. இயக்குநர் சொன்னதிலும் ஒரு பங்கு உண்மை இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மண்ணில் எதிரி உண்டு. ஆனால் எதிரி யார், உதவுகிறவர் யார், யாருக்குப் பக்கத்தில் யாரை வைத்தால் பிழைக்கும் என்று பார்க்கப் பொறுமை வேண்டும். ஒட்டுமொத்தமாக வேகவைப்பதற்கு எந்தப் பொறுமையும் வேண்டாம்.

பழனியில் என்னோடு படித்து இப்போது அங்கேயே கற்பிக்கும் தோழியிடம் சில வேர்களை எடுத்துப் போனேன். காரத்தில் வேகவைத்து, பேனா மையும் வினிகரும் கலந்து சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தாள். நாவல் மண்ணில் வளர்ந்த வேருக்குள், செல்லுக்குச் செல் நீல இழைகள் ஓடின. சில செல்களுக்குள் அவை குட்டி மரம் போலக் கிளைத்திருந்தன. எங்கள் சுத்தமான கலவையின் வேர் கண்ணாடி மாதிரி காலியாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. தோழி பயந்துவிட்டாள்.

படங்களோடு எல்லாவற்றையும் எழுதி இயக்குநருக்குப் போனில் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை.

ஆவணியில் அவர் வந்தபோது நேராக ஷெட்டுக்குப் பின்னால் போனார். முந்தின நாள் மழையில் இரண்டு பைகளில் சின்னச் சின்னக் குடைக்காளான் முளைத்திருந்தது. அது இலை மக்கில் வாழ்வது. நாற்றை ஒன்றும் செய்யாது. அவருக்கு முகம் மாறிவிட்டது.

'என்ன இது? யாரு இந்தக் குப்பையெல்லாம் உள்ள கொண்டுவந்தது? மொத்த நர்சரிக்கும் பரவினா யாரு பொறுப்பு?'

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள். 'நான்தான்.'

'காட்டு மண்ண எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா?'

'ஒரு மரத்துக்கு ஒரு பிடிதான் எடுத்தேன். நீங்க ஒரு சரிவையே எரிச்சீங்களே.'

அவ்வளவுதான். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். பைகளை உடனே அப்புறப்படுத்தச் சொன்னார். ஒவ்வொரு பையிலும் என் கையெழுத்து இருந்தது. அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. 'சார்...' என்றேன். 'சொல்லுங்க மேடம்' என்றார். நான் சொல்லவில்லை. எனக்கு வேலை வேண்டும், அறை வாடகை இருக்கிறது, பழனிக்குத் திரும்பிப் போக முடியாது என்று அந்த ஒரு விநாடியில் என்னென்னவோ தோன்றியது. அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. மண்பாதையில் ஏறிப் போனாள்.

அந்த ஆளின் மேல் எனக்கு இருக்கும் கோபம் பெரிதுதான். அதில் பாதிக்குக் குறையாமல் என் மேலும் இருக்கிறது.

இரண்டாம் வருஷமும் வேகவைத்தோம், மருந்து ஊற்றினோம், அதே மொட்டைச் சரிவில் நட்டோம். அதே மாதிரி செத்தன. பங்குனியில், திட்டத்துக்குப் பண உதவி செய்யும் இடத்திலிருந்து ஒரு பெண்மணி பார்வையிட வந்தார். வெயில் தாங்காமல் மதியச் சாப்பாட்டைக் கீழே வாட்டில் நிழலில் வைத்துக்கொள்ளலாம் என்றார். போனோம். அங்கே அவள் முதலில் குத்திவிட்டுப் போன கோணல் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. அவற்றுக்கு நடுவே நான் எதிர்பார்க்காத புதுக் கன்றுகள். நாவலடி மண் ஒட்டிய கறுத்த வேர்க்கழுத்து. அப்புறப்படுத்தச் சொன்ன பைகளை மன்னவனூர் அம்மாவும் மற்றவர்களும் குப்பைக்குக் கொண்டுபோகவில்லை. இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். ஏழு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் காப்பாற்றியிருப்பேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. எப்படி இருக்கும்?

'இங்க மட்டும் எப்படி இவ்வளவு நல்லா வந்திருக்கு?' என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

'இது நம்ம ட்ரையல் பிளாட்' என்றார் இயக்குநர், ஒரு கணம்கூடத் தயங்காமல். 'பக்கத்துல நிக்கிற மரத்தையே செவிலி மாதிரி பயன்படுத்துறோம். சோலை மண்ணும் குடுத்துப் பார்த்தோம். நர்ஸ் பிளான்ட்னு சொல்வாங்க. ரிசல்ட் ரொம்ப என்கரேஜிங்.'

நான் போனில் எழுதி அனுப்பியிருந்த வாக்கியங்கள். அவர் படித்திருக்கிறார். முழுவதும் படித்திருக்கிறார்!

'இல்லீங்க' என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது. 'இது ட்ரையல் பிளாட் இல்ல. மெஷின் ரிப்பேர் ஆனதால தப்பிச்ச இடம். இந்தக் கன்னுகள நட்ட பொண்ண போன ஆவணியில இவரு வேலைய விட்டு அனுப்பிட்டாரு. இந்தப் பைகளக் குப்பையில போடச் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னு பார்த்துகிட்டு இருந்தேன்.'

இயக்குநர் சிரித்தார். 'மேடம் கொஞ்சம் எமோஷனல். எல்லாமே டீம் எஃபர்ட்தானே' என்றார். வந்த பெண்மணி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் உத்தரவு மாறியது. வாட்டிலை மொத்தமாக வெட்டக்கூடாது, இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். புதர்களைத் தொடக்கூடாது. டிரம்மும் மருந்தும் வேண்டாம். நாற்றங்கால் பைக்கு, முறையாக அனுமதி வாங்கிய இடத்திலிருந்து ஒரு பிடி சோலை மண். அவளும் நானும் ஷெட்டுக்குப் பின்னால் கண்டுபிடித்த ஒவ்வொன்றும், தாய் மரத்தடி மண் வேண்டாம் என்பது உட்பட, வழிகாட்டு நெறிமுறை என்ற தலைப்பில் வந்தது. கவனக்குறைவு என்ற வரியைப் பற்றி மட்டும் எங்கேயும் ஒரு சொல் இல்லை.

வேலை போன அன்றே அவளைத் தேடிப் போகாமல் இருந்தது ஏன் என்று கேட்டால் வெட்கம்தான் காரணம். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போய் இறங்கியபோது வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொல்லி, பாலில்லாத காப்பி கொடுத்தாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் மன்னிப்புக் கேட்டேன்.

'இத வச்சு நான் என்ன செய்யிறது?' என்றாள்.

காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன்.

'இல்ல, உண்மையாத்தான் கேக்கிறன். என்ன வேலைய விட்டு அனுப்பினது போகட்டும். தோட்டத்து ஆளுங்களுக்கு அது புதுசா? ஆனா மத்த ஏழு பேரும் கொடம் சுமந்தாங்க. அந்த அம்மாவுக்கு இன்னும் இடுப்பு நோவு. அவங்கள கவனக்குறைவுன்னு அச்சடிச்சு வச்சிருக்கு. அச்சடிச்சதுக்கு வாயால மன்னிப்புக் கேட்டா சரியாப் போயிருமா? நீங்கதானே தமிழ்ல எழுதுனீங்க? நீங்களே எழுதுங்க.'

'என்ன எழுதணும்?'

'பொய்னு எழுதுங்க.'

அவள் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினேன். முதல் பிரதியில் அந்த வரி தவறானது என்று எழுதியிருந்தேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'தவறுன்னா தெரியாமப் பண்ணினது. உங்களுக்குத் தெரியும்ல?' என்றாள். அடித்துவிட்டுப் பொய் என்று எழுதினேன். சோதனையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'ஒரு பணியாளர்' என்று எழுதியிருந்தேன். 'எனக்குப் பேரு இருக்கு' என்றாள். பெயரை எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். இங்கே அந்தப் பெயர்களை நான் எழுதவில்லை. அவை இருக்கவேண்டிய தாளில் இருக்கின்றன.

அறிக்கை யார் யாருக்கெல்லாம் போனதோ அத்தனை பேருக்கும் அந்தக் கடிதத்தை அனுப்பினேன். இயக்குநர் போனில் கத்தினார். நிறுவனத்தின் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்றார். கெட்டது எது என்று நான் திருப்பிக் கேட்டேன், வைத்துவிட்டார். என்னை ஏன் வேலையை விட்டு அனுப்பவில்லை என்று தெரியவில்லை. நாற்றங்காலை நடத்த ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். மற்றபடி ஒரே ஒரு பதில் வந்தது. 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்' என்று.

கடிதத்தின் ஒரு பிரதியை நானே ஷெட்டில் ஒட்டினேன். மன்னவனூர் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நின்று முழுவதும் படித்தார். 'இது வெரசா வந்திருக்கணும்' என்றார். ஆனால் அன்று மதியம் எனக்கும் ஒரு உருண்டை சோறு வைத்தார்.

அவளைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டேன். இப்போதும் அவ்வப்போது கேட்கிறேன். 'ஏலாதுங்க' என்கிறாள். அந்தத் தோட்டத்தில் நிழல் மரக் கன்றுகள் போடும் வேலை அவளிடம் வந்திருக்கிறது. எந்த மரத்துக்கு எந்த மரத்தடி மண் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்திருக்கிறாள். எனக்குச் சந்தேகம் வந்தால் போன் செய்கிறேன். போன மாதம், மலை உச்சிகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசின் நாற்று வரவில்லை என்றபோது, அதற்கு வேறு மாதிரி பூஞ்சை வேண்டும்போல, அதன் அடி மண்ணையே கொஞ்சம் போட்டுப் பாருங்கள் என்றாள். போட்டிருக்கிறேன்.

இந்த வருஷம் திட்டத்துக்கு ஒரு வண்ணப் புத்தகம் போட்டார்கள். தமிழாக்கம் செய்யச் சொன்னார்கள். முடியாது என்றேன். வேறு யாரிடமோ கொடுத்துச் செய்திருக்கிறார்கள். அட்டையில் அந்த வாட்டில் துண்டின் படம். உள்ளே இயக்குநரின் முன்னுரை, அவர் கண்டுபிடித்த முறையைப் பற்றி. நடுப்பக்கத்தில் எங்கள் பெண்கள் ஏழு பேரும் கன்றோடு நிற்கும் படம். மன்னவனூர் அம்மா நடுவில். படத்துக்குக் கீழே 'உள்ளூர்ப் பெண்கள்' என்று போட்டிருந்தார்கள். நான் பேனாவை எடுத்து, எங்களுக்கு வந்த பிரதிகள் அத்தனையிலும் அந்த இரண்டு சொல்லை அடித்துவிட்டு ஏழு பெயரையும் எழுதினேன். ஒரு மதியம் முழுக்க ஆனது. எட்டாவது பெயரை எழுதப் படத்தில் இடமில்லை, ஓரத்தில் எழுதினேன்.